இடது பக்கத்தில் நான் எழுதிய ஒரு சொல்

மாசி மகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் மகள் யோகா எழுபது கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். அவள் செங் என்ற எங்கள் பக்கத்து ஊரின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் அதிகாரியாக இருக்கிறாள். ஆட்களைக் குண வகைப்படி பிரித்து, யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று பார்ப்பதற்கான கேள்விகள் அவை. அடுத்த வாரம் நாற்பது பேருக்குக் கொடுக்கப் போகிறாளாம்.

"மொதல்ல வீட்ல டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்பா. நீங்கதான் என் மொத ஆளு."

விரதத்தில் இருந்தேன். பூசையை முடித்துவிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்து, பொய்யில்லாமல் பதில் போட்டேன். யோகா அதைக் கணினியில் தட்டி, வந்த முடிவை உரக்கப் படித்தாள்.

"அமைதியானவர். எளிதில் கோபப்படாதவர். தனிமையை விரும்புபவர்."

அடுப்படியிலிருந்து என் மனைவி லெட்சுமி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு வந்தது இது? பக்கத்து வீட்டுக்காரருக்கா?"

"அப்பாவுக்குத்தான்மா."

"மெஷின் கெட்டுப்போச்சு லா," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

யோகா சிரித்தபடியே விளக்கினாள். இந்தக் குண வகைக் கணக்கில், மனிதர்கள் தகவலை இரண்டு இடங்களிலிருந்து எடுக்கிறார்களாம். சிலர் வெளியிலிருந்து எடுப்பவர்கள்: எத்தனை மணி, என்ன எடை, யார் எங்கே நின்றார்கள், எவர் வந்து பார்த்தாலும் அப்படியே இருப்பது. அது புறத்தகவல். சிலர் உள்ளிருந்து எடுப்பவர்கள்: மனத்தில் பட்டது, பழைய ஞாபகத்தோடு ஒத்துப்போவது, இவர் நல்லவர் என்று நெஞ்சு சொல்வது. அது அகத்தகவல். இரண்டில் எதுவும் பொய்யில்லை, யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதுதான் விஷயம் என்றாள்.

"இதெல்லாம் உங்க காலத்துல இல்லப்பா," என்றாள்.

இருந்தது. படிப்பாக இல்லை, ஓர் அடிக்கோலாக இருந்தது. அதைச் சொன்னதும், "அப்ப எழுதிக் குடுங்க. எங்க நியூஸ்லெட்டர்ல போடுறேன்," என்று பிடித்துக்கொண்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெம்பானுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பாச்சாங்கில் ஒரு சின்ன வீடு. செங்கில் கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒன்பது ஆண்டு பிரஸ் இயந்திரத்தில் நின்றேன். சூடான ரப்பரின் வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். பத்தாம் ஆண்டில் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அன்று காலை செங் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அந்த நாளின் வெயில்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதன்பிறகுதான் ரம்லி என்ற மலாய்க்கார அதிகாரியிடம் வந்து சேர்ந்தேன்; மலாயில் ஐயா என்பதற்கு என்சிக், அப்படித்தான் அவரைக் கூப்பிடுவோம். ஆள் எடுப்பது, இடம் மாற்றுவது, நீக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. மெலிந்த மனிதர். எப்போதும் முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மலாயில்தான் பேசுவார், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். பாதியில் சூப்பர்வைசர் ஒரு படிவம் எழுத வேண்டும், அந்த ஆள் எப்படி, எந்த இடத்துக்குப் பொருந்துவார் என்று. படிவத்தில் ஒரே ஒரு பெரிய கட்டம்தான் இருக்கும். ரம்லி தன் இரும்பு அடிக்கோலை அதன் நடுவில் வைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுப்பார். இழுத்த பிறகு விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்ப்பார், மை காய்ந்ததா என்று. பிறகுதான் தாளை நம்மிடம் தருவார். இடது பக்கம் கண்ணால் கண்டது. வலது பக்கம் மனத்தில் பட்டது. எழுதிக் கொண்டு போனால், ஒவ்வொரு வரியிலும் அடிக்கோலை வைத்து மெதுவாகக் கேட்பார்:

"நம்பாக் கே, ராசா?"

கண்டதா, பட்டதா என்று அர்த்தம். எங்கள் தமிழ் ஆட்கள் அவருக்கு ராசா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ராசா கூப்பிடறாரு, மாட்னடா நீ," என்பார்கள்.

முதல் படிவத்திலேயே நான் மாட்டினேன். ஒரு பெண்ணைப் பற்றி இடது பக்கத்தில் 'சோம்பேறி' என்று எழுதியிருந்தேன். அடிக்கோல் அந்தச் சொல்லின் கீழே வந்து நின்றது.

"சோம்பல் எப்படி இருக்கும், மணியம்? என்ன நிறம்?"

அடிக்கோலை எடுக்காமல் அவரே மறுபடி கேட்டார்.

"என்ன பார்த்தாய்?"

"தினமும் பத்து நிமிடம் தாமதமாக வருகிறாள், என்சிக்."

"அதை எழுது. அவள் செய்த பட்டைகள்?"

எண்ணிப் பார்த்திருந்தேன். மற்றவர்கள் செய்த அளவேதான் அவளும் செய்திருந்தாள். அதையும் எழுதச் சொன்னார். இரண்டையும் எழுதி முடித்தபோது சோம்பேறி என்ற சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. அவள் ஜாசினிலிருந்து வரும் பஸ் அந்த நேரத்துக்குத்தான் வரும் என்பது பிறகு தெரிந்தது.

ஆனால் வலது பக்கத்தைக் காலியாக விட்டால் அதற்கும் திட்டுவார். "உன் மனத்தில் ஒன்றுமே படவில்லையா? அப்படியென்றால் உன்னை எதற்கு வைத்திருக்கிறோம், ஒரு கேமராவை மாட்டிவிடலாமே," என்பார். மனத்தில் படுவதும் தகவல்தான், அது அந்த ஆளைப் பற்றிப் பாதியும் உன்னைப் பற்றிப் பாதியும் சொல்லும், அதனால் தனியாக வை என்பது அவர் கட்சி.

இப்படி ஓரளவு தேறிவிட்டேன் என்று நினைத்திருந்த காலத்தில்தான் குமரேசன் வந்தார்.

தை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். பெம்பான் தோட்டத்துக்காரர், முப்பது வயது இருக்கும். கழுத்தில் மாலை, நெற்றி நிறையத் திருநீறு, மழிக்காத தாடி. மாசி மகத்துக்குக் காவடி எடுக்க ஒரு மண்டலம் விரதம் என்று சொன்னார். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. கேட்டால் தலையை ஆட்டுவார். கேண்டீனுக்கு வரமாட்டார். வீட்டிலிருந்து கொண்டு வந்ததை மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். பிரஸ் பக்கம் ஆட்கள் கிண்டலும் கேலியுமாக இருப்பார்கள். இவர் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று வீட்டில் லெட்சுமியிடம் சொன்னேன். அவரைக் கடந்து போகும்போதெல்லாம் திருநீறு வாசம் வந்து ஒரு கணம் கண்ணை மூடுவேன்.

அந்தச் சமயம் கெமிக்கல் ஸ்டோரில் ஓர் இடம் காலியானது. இருந்தவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். சின்ன அறை, ஒரே ஜன்னல். கந்தகப் பொடியும் கரிப்பொடியும் சீட்டில் எழுதிய எடைக்கு நிறுத்துக் கொடுக்க வேண்டும். அரை மணிக்கு ஒருவர் வருவார். மற்ற நேரம் மூட்டைகளும் அந்த ஆளும்தான். ஜன்னலை விட்டு நகரக்கூடாது. பொடி வராவிட்டால் கீழே கலவை இயந்திரம் நின்றுவிடும். பேச்சுப் பிடித்தவர்கள் யாரும் அங்கே ஒரு வாரம் தாங்கியதில்லை.

குமரேசனின் படிவத்தில் இடது பக்கத்தில் எழுதினேன்: 'அமைதியானவர். தனியாக இருக்க விரும்புபவர். கெமிக்கல் ஸ்டோருக்கு ஏற்றவர்.'

அடிக்கோல் முதல் சொல்லின் கீழே வந்து நின்றது.

"நம்பாக் கே, ராசா?"

"நம்பாக், என்சிக். ஆறு வாரமாக இந்தக் கண்ணால் பார்க்கிறேன். பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்."

ரம்லி அடிக்கோலை அங்கேயே வைத்திருந்தார். "பேசவில்லை என்று எழுதலாம். அமைதியானவர் என்று எழுதியிருக்கிறாய்."

"இரண்டும் ஒன்றுதான், என்சிக்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். குமரேசன் ஸ்டோருக்குப் போனார்.

மாசி மகம் வந்தது. குமரேசன் நான்கு நாள் விடுப்பு எடுத்தார். செங் கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவர் காவடி வருவதைப் பார்த்து நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை கேட் பக்கத்தில் ஒரே சிரிப்பு. போய்ப் பார்த்தால் மொட்டைத் தலையோடு ஒருவர் நடுவில் நின்று, லாரி டிரைவர் ஒருவரைப் போலவே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றி எட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடித்தவர் குமரேசன்.

"அண்ணே, பசியாறிட்டிங்களா? என்னாண்ணே இப்படிப் பாக்கறிங்க? தலைய மட்டும்தாண்ணே மழிச்சேன். ஆளு நான்தான்."

அன்றிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. பழைய பாட்டு எல்லாம் பாடினார். ஜன்னலுக்கு வருபவர்களை விடாமல் பிடித்துப் பேசினார். வருபவர்கள் குறைந்தால் அவரே இறங்கி பிரஸ் பக்கம் வந்துவிடுவார். முதல் முறை கலவை இயந்திரம் கொஞ்ச நேரம் நின்றது. நானே கண்டித்து அனுப்பினேன். இரண்டாம் முறை எச்சரிக்கை. மூன்றாம் முறை ஒரு கலவை முழுவதும் இறுகிப்போய்த் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. உற்பத்தி மேலாளர் மிஸ்டர் கோ விசாரணைக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். சோதனைக் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள். அந்தக் காலத்துக்குள் விசாரணை என்றால் பெரும்பாலும் வேலை போய்விடும்.

மிஸ்டர் கோ என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ எழுதியதை நம்பித்தான் அங்கே போட்டோம். வேலை கிடைக்கும்வரை சாமியார் மாதிரி நடித்திருக்கிறான். பொய்யன் எனக்கு வேண்டாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் பட்டது. என்னை ஏமாற்றிவிட்டான் என்று இருந்தது. அதுவும் திருநீற்றைப் பூசிக்கொண்டு. ஓய்வு நேரத்தில் அவரைத் தேடிப் போனேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், அன்று பேச்சில்லாமல்.

"நடிச்சியா குமரேசா?" என்றேன். "சாமி பேரச் சொல்லி நடிச்சியா?"

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னாண்ணே பேசறிங்க. என் பொண்ணுக்கு மூணு வயசு. வலிப்பு வந்து வந்து நீலமாயிடுவா. டாக்டரு பாத்தாரு, மருந்து குடுத்தாரு. நான் ஒரு பக்கம் நேந்துகிட்டேன். வலிப்பு நின்னா காவடி எடுக்கறேன்னு. நின்னுடிச்சிண்ணே."

"அதுக்கும் நீ பேசாம இருந்ததுக்கும் என்ன?"

"விரதத்துல ரொம்பப் பிடிச்சத விடணும்னு பூசாரி சொன்னாரு. கறி மீன எல்லாருந்தான் விடறாங்க. சிகரெட்டு எனக்குக் கெடையாது. எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சி." தன் வாயைத் தொட்டுக் காட்டினார். "அத விட்டேன். நாப்பத்தெட்டு நாளு. செத்தேண்ணே."

நான் ஆறு வாரம் பார்த்தது ஒரு பேசாத மனிதரை அல்ல. பேச்சின் மேல் அவ்வளவு ஆசை உள்ள ஒருவர் அதைக் கட்டிவைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். விரதம் என்று தெரிந்தே பார்த்திருக்கிறேன். நானும் விரதம் இருப்பவன்தானே. விரத நாளில் நான் எப்படி இருப்பேன், மற்ற நாளில் எப்படி இருப்பேன் என்று லெட்சுமியைக் கேட்டாலே சொல்லியிருப்பாள். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்தியில் என்னையே பார்த்தேன், அது பிடித்துப்போயிற்று, பிடித்ததைக் கண்டது என்று எழுதிவிட்டேன்.

"ஸ்டோருக்குப் போட்டப்பவே ஏன் சொல்லல?"

"வாயத் தெறக்கக்கூடாதேண்ணே," என்றார். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்.

அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் சாமி அறையில் உட்கார்ந்திருந்தேன். சீனியர் சூப்பர்வைசர் இடத்துக்கு அந்த ஆண்டு என் பெயர் போயிருந்தது. என் படிவம் தவறு என்று நானே சொன்னால் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சும்மா இருந்தால் குமரேசன் பொய்யன் என்ற பெயரோடு போவார். இறைவா, நீ பார்த்துக்கொள் என்று எழுந்தேன்.

விசாரணை ரம்லியின் அறையில். மிஸ்டர் கோ, ரம்லி, நான். குமரேசனை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். என் படிவம் மேசைமேல் இருந்தது.

"என்சிக், அந்த இடது பக்கம் தவறு," என்றேன். "அவர் நடிக்கவில்லை. நான்தான் பட்டதைக் கண்டது என்று எழுதினேன்."

விரதத்தைப் பற்றிச் சொன்னேன். பேச்சை விட்டதைச் சொன்னேன். மிஸ்டர் கோ நம்பாமல் தலையை ஆட்டினார்.

"நாற்பத்தெட்டு நாள் வேறு ஆளாக இருக்க முடியுமா? இருந்தால் அது நடிப்புத்தான்."

ரம்லி அடிக்கோலை எடுத்து மேசைமேல் நேராக வைத்தார்.

"மிஸ்டர் கோ, நோன்பு மாதத்தில் மூன்று மணிக்கு மேல் என் அறைக்கு வந்திருக்கிறீர்களா?"

"வருவேனே. சுவரோடு பேசுவது போல இருக்கும்."

"கேண்டீனில் என்னைப் பார்த்திருக்கிறீர்களா?"

"நோன்பில் எப்படிப் பார்ப்பது?"

"அந்த மாதம் மட்டும் என்னைப் பார்த்த ஒருவர் என் குணத்தை எழுதினால் என்ன எழுதுவார்?"

மிஸ்டர் கோ சிரித்துவிட்டார். "பெருநாள் முடிந்தால் நீங்கள் பேசுவது எனக்கல்லவா தெரியும்."

"நான் நடிக்கிறேனா?"

மிஸ்டர் கோ தன் கடிதத்தைக் கையில் எடுத்தார். "ஆனால் இடத்தை விட்டுப் போனது போனதுதான்," என்றார்.

"ஆமாம்," என்றார் ரம்லி. "அது நம்பாக்."

எச்சரிக்கைக் கடிதம் குமரேசனின் கோப்பில் ஏறியது. வேலை போகவில்லை. லாரிகளில் சரக்கு ஏற்றும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே டிரைவர்களையும் ஏற்றும் ஆட்களையும் பேசிப் பேசித்தான் வேலை வாங்க வேண்டும். ஓய்வு பெறும்வரை அவர் அங்கேதான் இருந்தார். மழைக்காலத்தில் லாரி தாமதமாகிப் போய் எல்லாரும் கடுகடுத்து நிற்கும்போது அவர் குரல் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தேநீர் குடித்த மாலைகள் இப்போதும் எனக்கு வேண்டும் போல இருக்கிறது. அவர் மகளுக்கு வலிப்பு பிறகு வரவில்லை. இன்று அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

சீனியர் சூப்பர்வைசர் இடம் அந்த ஆண்டு எனக்கு வரவில்லை. வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

விசாரணை முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு ரம்லி என்னை மட்டும் இருக்கச் சொன்னார். பழைய படிவத்தை என் பக்கம் தள்ளி, இடது பக்கத்தில் எழுதியதை அடிக்கச் சொன்னார். அடித்தேன். உண்மையாகக் கண்டது என்னவோ அதை இப்போது எழுது என்றார். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் ஒரே வரிதான் வந்தது: 'நான் இவரைப் பார்த்த நாட்கள் எல்லாம் விரத நாட்கள்.'

அவர் அந்த வரியின் கீழே அடிக்கோலை வைத்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதன்பிறகு நான் எழுதிய எல்லாப் படிவங்களிலும் இடது பக்கத்தின் முதல் வரி, எந்த நாட்களில் பார்த்தேன் என்பதுதான்.

இதையெல்லாம் யோகாவிடம் சொல்லி முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. அவள் தன் தாள் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"எங்க ஆளுங்கள்ல பத்துப் பேராவது மாசி மகத்துக்கு விரதம்பா. அதுக்கு அப்புறம் நோன்பு மாசம் வந்துடும். அப்ப இந்த டெஸ்டே வேணாங்கறிங்களா?"

"வேணும்மா. நல்ல கேள்விங்கதான். நான் ஒண்ணும் பொய்யா எழுதல. நாள மட்டும் கேட்டுக்க."

லெட்சுமி சோற்றைச் சூடுபண்ண எடுத்துக்கொண்டு போகும்போது நின்றாள்.

"இவர என்னா விட்டிருக்காருன்னு கேட்டியா யோகா? குமரேசு அண்ணன் சொன்னதுலேருந்து வருஷா வருஷம் அதையேதான் விடறாரு. ரொம்பப் பிடிச்சத."

"என்னம்மா அது?"

"கோவம்," என்றாள். "இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள என்னா கேக்கணுமோ கேட்டுக்க."

யோகா என் முடிவை அச்சடித்த தாளை என்னிடம் தந்தாள். எளிதில் கோபப்படாதவர் என்று இருந்த இடத்தின் மேல் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. பேனாவை வாங்கி, அங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்: 'விரதம், இருபத்தேழாம் நாள்.'